ஈரச் சாக்கு போர்த்திய இரும்பு

1. மின்வெட்டு வந்தது. உருகிக்கொண்டிருந்த தாது மின் உலைக்குள்ளேயே உறைந்து பாறையானது.
2. மூன்றாவது முறையும் அப்படி ஆனதும், உலையை மூடிவிடலாம் என்றார் மானேஜர்.
3. மின்சாரத்துக்குப் பதில் இயற்கை வாயுவை வைத்தே தாதுவை இரும்பாக்கலாம் என்று ஆய்வகத்திலிருந்து நான் எழுதிக் கொடுத்தேன்.
4. வெளியூரிலிருந்து சிலிண்டர்களில் வாயு வந்தது. சோதனையில் நல்ல இரும்பு கிடைத்தது.
5. அந்த இரும்பின் மாதிரி, பரிசோதனைக்கு மெட்ராஸுக்குப் போவதற்குள் எரிந்துபோனது.
6. உலைக்காரரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நான் செய்தது ஒன்று உண்டு.

உலைக்காரர் திரேஸ்புரம் மீனவர் குப்பத்துக்காரர். தம்பியைக் கடல் கொண்டுபோன பிறகு, இனி வள்ளம் ஏறமாட்டேன் என்று மனைவிக்குச் சத்தியம் செய்துவிட்டு எங்கள் தொழிற்சாலைக்கு வந்தவர். வாயுச் சோதனை தேறினால்தான் அவருக்கு வேலை நிலைக்கும்.

செய்ய வேண்டியவற்றைப் பதினோரு வரிகளாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எங்க சாமியே பத்துக் கட்டளையோட நிறுத்திட்டாரு. நீங்க பதினொண்ணு போடுதீயளே, டீச்சரம்மா!”

“ஒண்ணு விட்டாலும் தப்பாயிரும், அண்ணாச்சி.”

ஒன்றைக்கூட அவர் விடவில்லை. விட்டது நான்தான். பதினோராவது வரி, ஆறிய இரும்பை வெளியே எடுத்துப் பெட்டியில் போடுவதோடு முடிந்திருந்தது. வாயுவில் கிடைக்கும் இரும்பு உருகி வருவதில்லை; கட்டி கட்டியாக, உள்ளெல்லாம் நுண்துளைகளோடு இருக்கும். ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். இதை நான் பாடத்தில் படித்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

அன்று லாரி வரத் தாமதமானது. பெட்டிகள் முற்றத்து வெயிலில் கிடந்தன. வெயிலில் கிடக்கும் மீனுக்குச் செய்வதைத்தான் அவர் செய்தார்: சாக்குகளைக் கடல்நீரில் முக்கிப் பெட்டிகள்மேல் பக்குவமாகப் போர்த்தினார். நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது சாக்குகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பாகக் கனன்றது. அணைக்க அவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். “ஊத்தாதீங்க!” என்று கத்தினேன். அதற்குள் ஊற்றிவிட்டார்; தண்ணீர் பட்டதும் தீ இன்னும் மூண்டது.

மானேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“நீங்க சொல்லாம விட்டீங்களா, அவரு கேக்காம விட்டாரா? ரெண்டுல ஒண்ண எழுதிக் குடுங்க.”

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நிரந்தரமாகவில்லை. அந்த ஆய்வகத்தில் நான் ஒருத்திதான் பெண். ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வேலை போனபின் சாப்பாட்டுத் தூக்கை எடுக்க வந்த உலைக்காரர் என்னிடம் கோபப்படவில்லை.

“இரும்புக்குத் தண்ணி ஆகாதுன்னு எனக்கு என்னம்மா தெரியும்? கப்பல் பூரா தண்ணியிலதான நிக்கி.”

விட்டது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மின் உலையைப் பிரித்துப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். வாயுச் சோதனையை மறுபடி யாரும் எடுக்கவில்லை. அவர் திரும்பவும் கடலுக்குப் போகிறார். நான் நிரந்தரமாகிவிட்டேன். என் அறிக்கை நான் எழுதியபடியே கோப்பில் இருக்கிறது.