கபுருக்குள் எத்தனை நாள்

திராட்சைப் பந்தலுக்குக் கீழே வேலை செய்பவனுக்கு முதலில் போவது கழுத்து. பந்தல் தலைக்கு ஒரு சாண் மேலே இருக்கும். காலை ஏழு மணியிலிருந்து அண்ணாந்தே நிற்க வேண்டும். கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோட்டம் ஒன்றில் இரண்டு கவாத்துப் பருவம் அந்த வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் பெரியகுளத்தில் மாங்காய் லோடு, அதற்கும் முன்னால் திருப்பூர், நடுவில் ஒரு செங்கல் சூளை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் எழுத்து கண்ணில் பட்டால் விட மாட்டேன். உர மூட்டையில் அச்சடித்திருப்பதைக்கூட முழுக்கப் படித்துவிட்டுத்தான் இறக்கி வைப்பேன். அந்தப் பழக்கம்தான் என்னை ஒரு வீட்டு வழக்குக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

தோட்டத்தில் என்னோடு ஒரே வரிசையில் வேலை பார்த்தவர் ஒரு ராவுத்தர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்பெல்லாம் திங்கட்கிழமை ஜீப்பில் ஏறிக் கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போவார். அங்கேயே தங்கி வேலை செய்துவிட்டு சனிக்கிழமை இறங்குவார். நான் வந்து சேர்வதற்கு முந்தின வருடம் அவருடைய மனைவி காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். நல்ல மழைக்காலம், மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது. இவர் சுற்றுவழியில் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள், "ஒடம்பு முடியல, இந்த ஒரு வாரம் போகாதீக" என்று சொல்லியிருக்கிறாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே இவர், "நடிக்காத" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிட்டார். வியாழக்கிழமை அவள் மௌத்து. முப்பது வருடம் குடும்பம் நடத்தியதில் அவளிடம் பேசிய கடைசிச் சொல் அது.

இதை அவர் என்னிடம் சொன்னது நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள். அழவில்லை. கொடியின் கணுக்களில் மருந்து தொட்டுக்கொண்டே சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மையவாடிக்குப் போய் அவள் கபுருக்கு, அதாவது அடக்கிய குழிக்கு, தலைமாட்டில் உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவாராம். ஓதி முடித்துவிட்டுக் குனிந்து, மண்ணுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, மன்னிச்சிரு என்று சொல்லுவாராம்.

"அது அவளுக்குக் கேக்குதா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும்ப்பா."

கேட்காது என்று சொன்னவர் அவருடைய மச்சினன். இறந்தவளுக்கு உடன்பிறந்த தம்பி. வளைகுடாவில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்து, மருந்தடிக்கும் மெஷின் ஒன்று வாங்கித் தோட்டம் தோட்டமாக வாடகைக்கு ஓட்டினார். அவருடைய போனில் மார்க்க விவாதங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் தோட்டத்துக்கு மருந்தடிக்க வரும் நாட்களில் மூன்று பேரும் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சாப்பாட்டை விட வழக்குதான் நீளும்.

"மச்சான், கபுருல இருக்கவுகள உன்னால கேக்க வைக்க முடியாதுன்னு நபிக்கே குர்ஆன்ல சொல்லியிருக்கு. நபியால முடியாதது ஒங்களால முடியுமா?"

"பள்ளிவாசல் அசரத்து வேற மாதிரில்ல சொன்னாக. அடக்கிட்டுத் திரும்பிப் போறவுக காலடிச் சத்தத்த மய்யித்து கேக்கும்னு நபி சொன்னதா ஹதீஸ்ல இருக்காம்ல?"

"அது அந்த நேரத்துக்கு மட்டும்."

"ஏன் மாப்ள, அதுக்கப்புறம் காத அடைச்சிருவாகளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சினனுக்கு வரவில்லை. ராவுத்தர் விடவும் இல்லை.

"சரி, கேக்காதுன்னே வச்சுக்கிருவோம். மனுசனுக்கு மனுசன் செஞ்ச தப்ப, செய்யப்பட்டவுக மன்னிச்சாத்தான் அல்லாவும் மன்னிப்பான்னு நீதான சொன்ன?"

"ஆமா."

"அவகிட்டதான் கேக்கணும்ன்ற. அவளுக்குக் கேக்காதுன்ற. ரெண்டையும் ஒரே வாயால சொல்றியே, அப்ப நான் எங்கன போய்க் கேக்க?"

மச்சினன் தூக்குவாளியை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார். பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"கேக்கும்னா, அன்னிக்கு நாங்க திரும்பிப் போன சத்தமும் கேட்டிருக்கும்ல மச்சான். கடைசியாத் திரும்புனவன் நான். தம்பியும் விட்டுட்டுப் போறான்னு நெனச்சிருப்பா. எட்டு வருசம் நான் இங்கன இல்ல, வந்தும் அவள ஒழுங்காப் பாக்கல. அவளுக்குக் கேக்கக் கூடாது. எனக்கு அதான் வேணும்."

அதுவரை அவரை ஒரு வறட்டு விவாதக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரே குழிக்கு முன்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு அவள் கேட்டாக வேண்டும். இன்னொருவருக்கு அவள் கேட்கவே கூடாது. இரண்டு பேருக்கும் ஒரே வேதத்தின் பேரில் பேச இடம் இருக்கிறது. வேதத்தை ஒரு வீடு என்றால், அவ்வளவு பெரிய வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த வாரம் மச்சினன் துணியில் சுற்றி ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தார். குர்ஆனின் தர்ஜுமா, தமிழ் மொழிபெயர்ப்பு.

"அண்ணே, நீங்க வாசிங்க. நான் வாசிச்சா எனக்குச் சாதகமா வாசிக்கிறேன்னு மச்சான் சொல்வாக. நீங்க எந்தப் பக்கமும் இல்லாத ஆளு."

கையெல்லாம் மருந்து. ராவுத்தரே மோட்டார் குழாயைத் திருப்பிவிட்டு, என் கை கால் முகம் எல்லாம் கழுவ வைத்தார். நகத்துக்குள் கறை போகவில்லை என்று இரண்டாம் தடவையும் கழுவச் சொன்னார். எனக்கு அப்படி ஒரு பயம் அதற்கு முன் எந்தப் புத்தகத்தைத் தொடும்போதும் வந்ததில்லை.

முதலில் கண்ணில் பட்டது சொர்க்கம். தோட்டங்கள், திராட்சை. பழங்கள் கைக்கு எட்டும்படி தாழ்ந்து தொங்கும் என்று ஓரிடத்தில் இருந்தது. அதைச் சத்தமாக வாசித்தேன். பக்கத்து வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"தானா எறங்கி வருமா? அண்ணாந்து பாக்க வேணாமா?"

"வேணாம்னுதான் போட்டிருக்கு."

"அப்ப அங்கன கவாத்து யாரு பண்றது? மருந்து யாரு அடிக்கிறது?"

"ஏன், மெஷினோட எங்க மாப்ள வருவாருல்ல" என்றார் ராவுத்தர். மச்சினனும் சிரித்துவிட்டார். ஆனால் அந்த அக்கா சிரிக்கவில்லை. தலைக்கு மேலே இருந்த பந்தலைப் பார்த்து, "கழுத்து வலிக்காத தோட்டம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். எப்போதோ எங்கோ பாலைவனத்தில் சொல்லப்பட்டது, இந்த ஊர்க் கூலிக்காரியின் கழுத்து நரம்பு வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

பிறகு யாசீனுக்கு வந்தோம். ராவுத்தருக்கு அது முழுக்க மனப்பாடம். சின்ன வயதில் மதரஸாவில் ஓதப் பழகியது. ஒரு எழுத்து பிசகாது. பொருள் மட்டும் ஒரு வரிகூடத் தெரியாது. அந்தப் பக்கத்து ஆட்கள் பலருக்கும் அப்படித்தான். ஓதுவது ஒரு வேலை, விளங்கிக்கொள்வது அசரத்தின் வேலை. அவர் அரபியில் கொஞ்சம் ஓதி நிறுத்துவார். மச்சினன் இடத்தை விரலால் காட்டுவார். நான் தமிழில் வாசிப்பேன். குரல் அவருடையது, கண் என்னுடையது.

நடுவில் ஓரிடம் வந்தது. இறந்தவர்களை எழுப்பும் மறுமை நாளில் எக்காளம் ஊதப்படுகிறது. கபுருகளிலிருந்து எல்லோரும் எழுந்து ஓடிவருகிறார்கள். ஐயோ, படுத்துத் தூங்கிய இடத்திலிருந்து எங்களை எழுப்பியது யார் என்று கேட்கிறார்கள்.

ராவுத்தர் ஓதுவதை நிறுத்திவிட்டார்.

"இதையா நான் அவ தலைமாட்டுல வாராவாரம் சொல்லிக்கிட்டிருந்தேன்?"

"ஆமா மச்சான்."

"அப்ப அவ தூங்குறா."

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பக்கங்களைப் புரட்டினேன். அரைகுறைப் படிப்புக்காரனுக்கு ஒரு குணம் உண்டு: குற்றம் கண்டுபிடித்தால் படித்துவிட்டதாக ஒரு நினைப்பு. எழுந்து வருகிறவர்கள் எவ்வளவு காலம் மண்ணுக்குள் இருந்ததாகச் சொல்கிறார்கள் என்று தேடினேன். ஓரிடத்தில் பத்து நாள். இன்னோரிடத்தில் ஒரு நாள், அல்லது அதில் கொஞ்சம். வேறோரிடத்தில் ஒரு நாழிகைதான் என்று சத்தியமே செய்கிறார்கள்.

"ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே தம்பி" என்றேன் மச்சினனிடம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அது அல்லா சொல்ற கணக்கு இல்லண்ணே. எந்திரிச்சவுக சொல்ற கணக்கு. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி தோணும். எவ்வளவு கெடந்தோம்னு ஒருத்தருக்கும் தெரியாது."

என் பெருமை அங்கேயே முடிந்தது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை ஷெட்டில் டைபாய்டு வந்து கிடந்திருக்கிறேன். கண் விழித்தபோது மதியத் தூக்கம் என்றுதான் நினைத்தேன். ஐந்து நாள் போயிருந்தது. என் செருப்பும் போயிருந்தது. அப்போது யாராவது கேட்டிருந்தால் நானும் ஒரு நாழிகை என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். என் உடம்புக்குத் தெரிந்திருந்த ஒன்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. நான் அதைத் தப்பு என்று சொல்ல வந்திருந்தேன். புத்தகத்தை மடியிலிருந்து எடுத்துத் துணியின் மேல் வைத்தேன்.

ராவுத்தர் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அப்ப அவ எந்திரிக்கையில, நான் நடிக்காதன்னு சொன்னது அவளுக்கு எப்பச் சொன்ன மாதிரி இருக்கும்?"

மச்சினன் பொய் சொல்லவில்லை. "இப்பச் சொன்ன மாதிரிதான் இருக்கும் மச்சான்."

"சூடாவே இருக்கும்."

"இருக்கும்."

அவர் உடைந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ மலையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்ததை என்னவென்று சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நிம்மதிக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

"நல்லதுதான். ஆறிப்போயிருந்தா, யாரோன்னு பாக்காமப் போயிருவா. சூடா இருந்தா நேரா என்கிட்டதான் வருவா. ஏசுவா. ஏசுனா நான் சொல்ல வேண்டியதச் சொல்லிருவேன்."

"அக்கா ஏச ஆரம்பிச்சா ஒங்களுக்குப் பேச எடம் எங்க இருக்கு?" என்றார் மச்சினன்.

"எழுப்புற அன்னிக்கு நாள் ரொம்ப நீளமாம்ல மாப்ள. ஏசி முடிக்கட்டும், இருந்து சொல்றேன்."

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே மையவாடிக்குப் போனார்கள். அடக்கத்துக்குப் பிறகு மச்சினன் அங்கே போனது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை பந்தலுக்குக் கீழே ராவுத்தரைப் பார்த்ததும், என்ன சொன்னீக என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. ஓதிட்டு வந்துட்டோம்." மருந்து வாளியைக் கொக்கியில் மாட்டினார். "தூங்குறவள எதுக்குப்பா எழுப்பிக்கிட்டு?"