அட்டையில் இருந்த மணப்பெண்

எங்கள் அரசு அலுவலகத்தில் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டைப் பார்ப்பது நான்தான். தல்லாகுளத்தில், ஜன்னல் ஓரத்து மேசை. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், யார் மகளுக்குக் கல்யாணம் ஆனாலும் முதலில் எனக்குத்தான் தெரியவரும். அட்டையில் சேர்க்கவோ நீக்கவோ என்னிடம்தானே வரவேண்டும்!

புது அட்டைக்காகக் குடும்பத்தாரின் புகைப்படம் கேட்டுச் சுற்றறிக்கை விட்டிருந்தேன். ‘சமீபத்தில் எடுத்தது’ என்று கொட்டை எழுத்தில் போட்டும் பயனில்லை. ஆண்கள் அத்தனை பேரும் பேசி வைத்ததுபோலக் கல்யாண ஆல்பத்தைத் தேடி எடுத்து, மனைவியின் முகத்தை மட்டும் கத்தரித்துக் கொண்டுவந்தார்கள். நெற்றிச்சுட்டியும் மாலையுமாக என் மேசை மேல் மணப்பெண்கள் குவிந்தார்கள். பத்துப் பேரைத் திட்டித் திருப்பி அனுப்பினேன். திருமங்கலத்திலிருந்து வரும் எங்கள் ஜீப் ஓட்டுநர் அண்ணனும் அதேபோல ஒன்றை நீட்டியபோது எனக்கு வாய் வலித்துவிட்டது.

“இதுலதான் மேடம் அவ அம்சமா இருப்பா” என்றார். சரி, தொலையட்டும் என்று வாங்கி ஒட்டிவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

இரண்டு வருடம் ஒரு வம்பும் இல்லை. போன ஆவணியில் ஒரு நாள் காலை பத்தரைக்கு அவர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல். பத்து நாளாக வலியில் துடித்தவருக்கு அன்று மதியம் ஆபரேஷன். காப்பீட்டு மேசையில் இருந்த பையன் அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது உங்க மகளா?” என்று கேட்டிருக்கிறான். அது இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய முகம். புதுப் படத்தில் அலுவலகத்தின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், மூன்று மணிக்குள் ஒப்புதல் வராவிட்டால் ஆபரேஷன் அடுத்த வாரம்தான் என்று சொல்லிவிட்டானாம்.

“போன்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணே.”

“மாட்டேங்குறா மேடம். நீங்க வந்து சொன்னாக் கேப்பா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

பச்சை அங்கியில், இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், சுருண்டு படுத்திருந்தார் அந்த அம்மா. ஆபரேஷனுக்காகத் தோடு, வளையல், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வாங்கியிருந்தார்கள்.

“வெறுங்கழுத்தோட போட்டோ எடுக்க மாட்டேன் மேடம். சர்க்கார் அட்டையில அது காலத்துக்கும் நிக்கும்” என்றார். வலியில் குரல் நடுங்கியது. சட்டம் பேசத்தான் போயிருந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் அழுகைதான் வந்தது.

என் துப்பட்டாவை எடுத்து அவர் தோளில் போட்டுக் கழுத்து தெரியாமல் இழுத்துவிட்டேன். கைப்பையில் சீப்பும் ஸ்டிக்கர் பொட்டும் இருந்தன. “இப்பப் பாருங்க மதினி, கழுத்தே தெரியல” என்று போனை உயர்த்தினேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“ஏய், ஒன்னைய எம் பொண்டாட்டின்னு சொல்ல எங்க மேடம் முத்திரை குத்தணுமாம்டி. கொஞ்சம் நிமிந்து பாரு.”

“அப்ப இம்புட்டு வருசமா நான் யாராம்?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மா சிரித்துவிட்டார். டக்கென்று எடுத்துவிட்டேன்.

படம் அலுவலகத்துக்குப் பறந்தது. அங்கே அச்செடுத்து, அதன் மேல் அதிகாரி கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மின்னஞ்சலில் திரும்பி வந்தது. ஒப்புதல் வந்தபோது மணி இரண்டு நாற்பது. தள்ளுவண்டி உள்ளே போன பிறகுதான் நானும் அண்ணனும் டீ குடித்தோம். ஆளுக்கு இரண்டு வடையும் தின்றோம்.

இருபது நாள் கழித்து அவர் இனிப்போடு என் மேசைக்கு வந்தார். மதினி சமையல்கட்டில் வழக்கம்போல அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டாராம். எனக்கு அந்தப் படம் உறுத்திக்கொண்டே இருந்தது. கண் குழிந்து, உதடு காய்ந்து, என் துப்பட்டாவோடு.

“மதினிக்குத் தெம்பு வந்ததும் பட்டுச்சேலையில ஒண்ணு எடுத்துட்டு வாங்கண்ணே. அட்டையில மாத்திருவோம்.”

அவர் என் கணினித் திரையில் இருந்த மனைவியின் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

“வேணாம் மேடம், இதே இருக்கட்டும். கல்யாணப் போட்டோவுல அவ போட்டோகிராபரைப் பாத்துக்கிட்டுப் பயந்துபோயி நிக்கிறா. இதுலதான் என்னையப் பாக்குறா.”