டன்ஹம் தோட்டத்தில் நான் சொல்லாத பதில்

எண்பத்தாறாம் ஆண்டு, புரட்டாதி மாதம். மொன்றியலில் அகதிகளுக்கு நடந்த பிரெஞ்சு வகுப்பில் ஒருநாள் எங்களைச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். இடம் டன்ஹம். அமெரிக்க எல்லைக்குக் கிட்ட, பழைய கல் வீடுகளும் சின்னத் தேவாலயங்களும் உள்ள சிறிய ஊர். சுற்றிவரத் திராட்சைத் தோட்டங்கள்.

அந்த வகுப்பில் முதலில் பழக்குகிற வசனங்களில் ஒன்று, 'என் தகப்பனார் இன்ன தொழில் செய்கிறார்' என்பது. நான் 'ஆசிரியர்' என்று சொல்லியிருந்தேன். உண்மையில் என் ஐயா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். அவர் பனையில் கள்ளுச் சீவுகிறவர். எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் எங்கள் சாதிக்கென்று புறம்பாக ஒரு தகரப்பேணி தொங்கும். மொன்றியலிலோ எங்கள் நாட்டவர் ஐந்து பேர் ஒரே அறையில், ஒரே சட்டியில் சோறு. ஐயாவின் தொழிலைச் சொன்னால் அந்தச் சட்டிக்கு என்ன நடக்குமோ என்று எனக்குப் பயம்.

ஒரு தோட்டத்தில் இறங்கினோம். தோட்டக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். குளிருக்கு முதல் கொடிகளை மண்ணால் மூடிவிட்டு, பனி போனபின் திரும்பக் கிளறி எடுப்பதை அபிநயம் பிடித்தே காட்டினார். பிறகு கொடி வெட்டுகிற ஒரு வளைந்த கத்தியை எங்கள் கைகளில் தந்தார். தன் தகப்பனுடையதாம். "அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைதான் போடுவார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார், ஏதோ பட்டம் வாங்கியவரைப் பற்றிச் சொல்வதுபோல.

கத்தி என்னிடம் வந்தபோது, ஐயா பார்க்கிறமாதிரியே, பெருவிரலைக் குறுக்கே வைத்துக் கூர் பார்த்துவிட்டேன். தோட்டக்காரர் கவனித்துவிட்டார். "பழகின கை!" என்றார். நான் சட்டென்று கத்தியை அடுத்தவரிடம் கொடுத்தேன்.

பிறகு ஆளுக்கொரு வாய் வைன் தந்தார்கள். என் அறையில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரும் வந்திருந்தார். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இதென்னடாப்பா, பின்னேரக் கள்ளு மாதிரிப் புளிக்குது!" என்றவர், எங்கள் ஊரில் மரத்திலிருந்தே குடிவகை வரும் என்று அரைகுறைப் பிரெஞ்சில் அவிழ்த்துவிட்டார்.

தோட்டக்காரர் குறித்துக்கொள்ளப் பொக்கற்றுக்குள் இருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். எப்படி ஏறுவார்கள்? நாளுக்கு எத்தனை தரம்? அந்தச் சாறு புளிக்காமல் இனிப்பாகவே வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்?

அண்ணை திணறிப்போனார். "ஏறுறது ஆர், நானே? எனக்குக் குடிக்கத்தான் தெரியும். தம்பி, நீ படிச்சனி, விளங்கப்படுத்து."

எல்லாம் எனக்குத் தெரியும். காலையும் மாலையும் ஏறவேண்டும். சாறு இறங்குகிற முட்டிக்குள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் புளிக்காது. எத்தனையோ நாள் ஐயாவுக்குச் சுண்ணாம்பு பூசிக் கொடுத்த கை இது.

"எனக்கு அதுகளைத் தெரியாது அண்ணை" என்றேன். அதையே பிரெஞ்சிலும் பிழையில்லாமல் சொன்னேன். தோட்டக்காரர் என் கையை ஒருதரம் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினார்.

அந்தப் பயணத்தைப் பற்றி வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். தங்கச்சி வாசித்துக் காட்ட, ஐயா சொல்லச் சொல்ல அவளே பதில் எழுதியிருந்தாள். மண்ணுக்குள் தாட்டால் கொடி அழுகாதோ? கத்தியை எந்தக் கல்லிலே தீட்டுகினம்? கடைசியாக, "எங்கடை தொழிலையும் அந்த மனிசனுக்குச் சொன்னனியோ தம்பி? சுண்ணாம்பு விஷயம் கட்டாயம் கேட்டிருப்பாரே."

"ஓம் ஐயா, சொன்னனான். அவர் கொப்பியிலே எழுதி வைச்சவர்" என்று பதில் போட்டேன்.

கொஞ்சக் காலம் போய், அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தன் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "சரி சரி, சோத்தைப் போடு, பசிக்குது" என்றார். நான் பயந்த சட்டிக்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது யார் கேட்டாலும் ஐயாவின் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஐயாவிடம் மட்டும் உண்மையைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. கனடாவில் ஒருவர் தன் தொழிலைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாராம்; அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.