ரேஷன் லாரி வரும் நாள்

என் வீட்டுக்காரர் எல்லைக் காவலில் இருந்தார். ராஜஸ்தான் பாலைவனத்தில் வேலியோரம் வேலை. பகலில் ஆறு மணி நேரம், ராத்திரியில் ஆறு மணி நேரம் நிற்க வேண்டும். லீவில் வந்தாலும் அவருக்கு உட்கார வராது. தட்டைக் கையில் ஏந்தி, வாசலைப் பார்த்தபடி நின்றே சாப்பிடுவார்.

வாரத்துக்கு ஒருநாள் அங்கே ரேஷன் வாங்க லாரி ஊருக்குள் போகும். அதில் ஏறிப்போய், அது திரும்புவதற்குள் போன் பண்ணுவார். எந்த நேரமென்று தெரியாது. திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் காலையிலேயே போய் நிற்பேன்.

ஒரு வாரம், அவர் முந்தின போனில் கேட்டிருந்ததற்கு நான் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அவருக்கு இருபது வருடம் முடிந்திருந்தது. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தால் பென்ஷனோடு வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் அடுத்து காஷ்மீர். “பிள்ளைகள் படிப்பு முடியட்டும்” என்றார்கள் சொந்தக்காரர்கள்.

அன்று பூத்தில் ஒரு மாட்டு வியாபாரி போனை விடவே இல்லை. நான் வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தேன்.

“அண்ணே, அக்காவுக்கு ராஜஸ்தான்லருந்து லைன் வரணும். மாட்டோட நேர்ல பேசிக்கங்க” என்றான் பூத்துக்காரத் தம்பி.

வியாபாரி வைத்ததும் மணி அடித்தது.

“எழுதிக் குடுத்துரவா?” என்றார் என் வீட்டுக்காரர். “உங்க இஷ்டம்னு மட்டும் சொல்லாத.”

பூத்துக் கதவு மூடாது. வெளியே நாலைந்து ஆம்பளைகள். “வந்துருங்க” என்றேன்.

“கேக்கல. லாரி கிளம்புது, சத்தமாச் சொல்லு.”

ஹாரன் சத்தம் எனக்கே கேட்டது. “வந்துருங்க! நின்னது போதும்! வந்து உக்காந்து சாப்பிடுங்க!”

லைன் அறுந்துவிட்டது. கேட்டதா இல்லையா என்று தெரியாமல் ரிசீவரையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கேட்டிருக்கும்க்கா. மதுர பஸ்ல உக்காந்திருந்தவனே திரும்பிப் பாத்துட்டான்” என்றான் தம்பி. சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் தெருவில் போய் நின்றேன்.

மறுவாரம் எடுத்ததுமே சொன்னார்: “குடுத்துட்டேன். எனக்குப் பின்னாடி போனுக்கு நின்ன பீகார்க்காரன், உன் வீட்ல ஏன் அம்புட்டு சத்தம், சண்டையான்னு கேட்டான். நீ சொன்னத இந்தில சொன்னேன். அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். அவனுக்கு இன்னும் ஏழு வருசம் கிடக்கு.”