புல்லைத் தொடாத பசு

எங்கள் குடும்பம் வன்னியில் நிலைப்பதா, யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவதா என்ற முடிவை என் பெற்றோர் ஒரு பசுவிடம் விட்டிருந்தனர். பசுவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அது இன்னும் பொறுப்போடு நடந்துகொண்டிருக்கும் என்றும் நான் நம்பவில்லை. பொறுப்பு வாய்ந்த பெரியவர்கள் இருவர் அதே விடயத்தில் நடந்துகொண்ட விதத்தை அருகிலிருந்து பார்த்தவள் நான்.

அப்போது ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஒட்டுசுட்டானுக்கு அப்பால், புதிதாகத் திருத்திய குளமொன்றின் கீழ், ஐயாவுக்கு அரசாங்கம் வயற்காணி கொடுத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறருடைய தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் புகையிலை நட்டுக்கொண்டிருந்தவருக்குச் சொந்தக் காணி என்பது சாதாரண சொல் அல்ல. ஆனால் காணிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. குடும்பத்தோடு வந்து குடியிருக்க வேண்டும். குடும்பம் போய்விட்டால் காணியும் போய்விடும். குடும்பம் என்பது அம்மாவும் நானும். பன்னிரண்டு வயதான என் கருத்தை யாரும் கேட்கவில்லை. அம்மாவின் கருத்தைக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அது கேளாமலே வந்தது.

"காடு, காய்ச்சல், யானை. சரி, வாறன்," என்றார் அம்மா. "ஆனா என்ர மாட்டையும் கொண்டுதான் வருவன். மாடு அங்க நிண்டு பிடிச்சால் நானும் நிப்பன். மாடு காய்ஞ்சு போச்செண்டால் பொங்கலோட பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திடுவன். பிறகு என்னை ஒண்டும் கேக்கக்கூடாது."

ஐயா சிரித்தார். முழங்காலளவு புல் நிற்கிற ஊரில் ஒரு மாடு காய்ந்து போவதா? இவ்வளவு மலிவான நிபந்தனை தமக்கு இனி எப்போது கிடைக்கும் என்ற அவசரத்தில் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டார்.

அவர் யோசிக்கத் தவறியது ஒன்றுதான். அந்தப் பசு புல்லை ஓர் உணவாக அறிந்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் முளைத்த சொற்ப அறுகும் ஆடுகளுக்கே போதாது. கன்றாயிருந்த நாள் முதல் ஒரே கட்டையில் கட்டுண்டு, கிழித்த பனையோலை, பூவரசங்குழை, ஊறவைத்த எள்ளுப் பிண்ணாக்கு, உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் என்று தன் முன்னால் வந்தவற்றையே தின்று வளர்ந்தது அது. ஓலையைக்கூட ஈர்க்கு நீக்கி, விரலகலத்துக்குக் கிழித்துப் போடவேண்டும். அகலம் கூடிய கீற்றை மூக்கால் ஒதுக்கிவிட்டு அம்மாவைப் பார்க்கும். அம்மா மன்னிப்புக் கேட்பது போல அதை எடுத்து மறுபடி கிழிப்பார்.

ஐப்பசியில் லொறியில் வந்து இறங்கினோம். தளபாடங்களை இறக்குமுன் ஐயா பசுவை இறக்கினார். ஒருவகைச் சடங்குத் தோரணையோடு அதை வாய்க்கால் கரைக்குக் கூட்டிச்சென்று கயிற்றைத் தளர்த்தினார். அது புல்லை முகர்ந்தது, சுற்றிலும் பார்த்தது, பாய் விரித்து வைத்ததை ஏற்றுக்கொண்டது போல அதன்மேல் படுத்துவிட்டது.

"களைப்பு," என்றார் ஐயா. "பசிச்சால் தின்னும்."

மறுநாளும் பசித்தது, தின்னவில்லை. எங்கள் வேலிக்கு அப்பால் பழைய கிராமத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவைப் பட்டிக்கார மாமி என்று அழைப்பேன். அவருடைய மாட்டுப்பட்டி பகலெல்லாம் காட்டில் மேய்ந்துவிட்டு மாலையில் தானாக வீடு வந்து சேரும். மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, மாட்டுக்குப் புல்லுத் தின்னப் பழக்கிறியளோ? பழக்குங்கோ, பழக்குங்கோ. தண்ணி குடிக்கவும் ஒரு வாத்தியாரைப் பிடியுங்கோ."

"உங்கட மாடுகளுக்கு நீங்கள் என்னக்கா குடுக்கிறனீங்கள்?" என்று அம்மா மெய்யான அக்கறையோடு கேட்டார்.

"நாங்களோ? நாங்கள் ஒண்டும் குடுக்கிறேல்லைப் பிள்ளை. அதுகள்தான் எங்களுக்குக் குடுக்கிறது."

அம்மாவுக்கு இந்தப் பதில் ஒழுக்கக்கேடாகப் பட்டது. தீன் வைக்காமல் பால் கறப்பவர்களைப் பற்றி அன்றிரவு நீண்ட நேரம் பேசினார்.

லொறியில் கொண்டுவந்த ஓலை முடிந்தது. சுற்றிலும் பாலையும் வீரையும் முதிரையும் நின்றன. எங்கள் வாய்க்கால் முழுவதற்கும் ஒரு பனை இல்லை. அம்மா தம் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினார். வாரந்தோறும் யாழ்ப்பாணத்து பஸ்ஸின் கூரையில் ஓலைக்கட்டு வரத் தொடங்கியது. அதை இறக்கும்போதெல்லாம் கொண்டக்டர் ஏதாவது சொல்லாமல் விடமாட்டார்.

"வன்னி நெல்லு அனுப்புது, யாழ்ப்பாணம் ஓலை அனுப்புது. நல்ல பண்டமாற்று! அண்ணை, மாட்டுக்கு ஒரு சீற் பிடிச்சுத் தரட்டே? அங்க போய்ச் சாப்பிட்டிட்டு வரட்டும்."

ஐயா சிரிக்கவில்லை. கார்த்திகை மழையில் பாதை மூடி பஸ் நின்றபோது அவர் முகத்தில் தெரிந்தது கவலை அல்ல, நிம்மதி.

"இனிப் புல்லு மட்டும்தான்," என்று வீட்டுக்கு வந்து அறிவித்தார். "புண்ணாக்கு இல்லை, கஞ்சி இல்லை. இந்த மண்ணிலை மாடு நிக்குமோ எண்டு பாக்கிறதெண்டால் இந்த மண்ணின்ர தீனிலைதான் பாக்கவேணும்."

"சரி," என்றார் அம்மா. "நீங்களும் ஒண்டும் வைக்கக்கூடாது."

"நீரும்தான்."

அதன் பின் ஐயா தினமும் ஒரு கட்டுப் புல் அரிந்து வந்து கொட்டிலில் போட்டார். அம்மா தினமும் காலையில் வாடிய கட்டை அள்ளி வேலிக்கு அப்பால் எறிந்தார். பசுவின் விலா எலும்புகள் தெரியத் தொடங்கின. பால், தேநீரின் நிறத்தை மாற்றும் அளவுக்குச் சுருங்கியது. குசினி வாசலில் அம்மாவின் நிழல் தெரிந்தாலே அது கத்தும். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பிறகு பசு தேறியது.

அது எப்படித் தேறியது என்பதை அந்த வீட்டில் முழுமையாக அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான். மழை விட்ட ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைச் சைக்கிளில் ஏற்றிவந்த ஐயா, ஒட்டுசுட்டான் சந்தியில் ஒரு கடை முன்னால் நிறுத்தினார். கடைக்காரர் தண்ணீரூற்றைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரி; ஊரில் எல்லாருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். ஐயா குரலைத் தாழ்த்தி எள்ளுப் பிண்ணாக்குக் கேட்டார்.

"வாங்கோ அண்ணை. உங்கட மாடு புல்லுத்தானே தின்னுது எண்டு கதை. இது ஆருக்கு?"

"ஒரு கூட்டாளிக்கு, நானா."

"கூட்டாளிக்கு எத்தினை கால்?"

ஐயா என்னைப் பார்த்தார். "பிள்ளை கதைக்காது," என்றார்.

"அப்ப நானும் கதைக்கேல்லை," என்று கடைக்காரர் தராசை எடுத்தார்.

வாய்க்கால் மதகடியில் ஒரு தகரப் பேணி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. காலையில் பசுவை மேய்ச்சலுக்கு என்று அங்கே கொண்டுபோய்க் கட்டும் ஐயா, புல்லின் நடுவே அதற்குப் பிண்ணாக்குக் கரைத்து வைத்தார்.

அதே வாரம், ஐயா வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போயிருந்த ஒரு மாலையில், கொட்டிலுக்குப் போனேன். அம்மா சட்டியைக் கையில் ஏந்திக் குந்தியிருந்தார். பசுவின் முகம் சட்டிக்குள் இருந்தது. கஞ்சியில் அன்றைய சோற்றில் பாதி இருந்ததை, இரவு சாப்பிடும்போது தெரிந்துகொண்டேன்.

"என்ன பாக்கிறாய்? பசியெண்டு கத்துது. ஒப்பந்தம் பேசினது நானும் ஐயாவும். மாடு பேசினதே?" என்றார் திரும்பாமலே. பிறகு, "ஐயாவுக்குச் சொல்லிப்போடாதை."

நான் இயல்பிலேயே அதிகம் பேசாதவள். இந்தக் குணம் ஒரே வாரத்தில் இருவருக்கும் பயன்பட்டது.

பசுவின் மயிர் மினுங்கியது. பால் செம்பை நிறைத்தது. ஐயா தம் பிண்ணாக்கின் மகிமையை மனதுக்குள் மெச்சிக்கொண்டார். அம்மா தம் கஞ்சியின் மகிமையை. புல்தான் இதைச் செய்தது என்று மற்றவர் நம்புவதை எண்ணி ஒருவர்மீது ஒருவர் இரக்கம் கொண்டிருந்தனர்.

"பாத்தீரே? புல்லிலை இருக்கிற சத்து," என்பார் ஐயா.

"ஓம். புல்லுத்தான் போல," என்பார் அம்மா, நிலத்தைப் பார்த்து.

ஐயா அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் கூட்டுறவுக் கடை வாசலில், எங்களைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து மாடும் மனைவியுமாக வந்திருந்த குடியேற்றக்காரர்களுக்கு வன்னிப் புல்லின் பெருமையை விரித்துரைத்தார். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் மாடுகளின் பிண்ணாக்கை நிறுத்தினார்கள். அந்த மாடுகளும் பிழைத்தன என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டுப் பெண்களும் மாலையில் சட்டியோடு கொட்டில் பக்கம் போனார்களா என்பது ஆராயத்தக்கது.

பொங்கல் நெருங்கியது. அம்மா சொன்ன தவணை அது. பசு கொழுத்து நின்றது. அம்மா தோற்றுக்கொண்டிருந்தார், அதுவும் தம் கையாலேயே. கஞ்சியை நிறுத்தினால் ஊருக்குப் போகலாம் என்பது அவருக்குத் தெரியும். ஒரு நாள் பின்னேரம் நிறுத்தியும் பார்த்தார். பசு ஒருமுறை கத்தியது. அம்மா எழுந்து சட்டியை எடுத்தார்.

பட்டிப்பொங்கலன்று மாட்டுக்கு ஊட்டுவது ஒப்பந்தத்தை மீறுவதாகாது, அது தருமம். பசுவைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு மாலை போட்டோம். இத்தனை நாள் ஒளித்துக் கொடுத்த கை ஒரு நாளாவது வெளிப்படையாகக் கொடுக்கட்டும் என்று அம்மா வாழையிலை நிறையப் பொங்கலை அள்ளி வைத்தார். பிறகு இன்னோர் இலை. பின்னேரம் குடியேற்றக்காரர்கள் புல் வளர்த்த பசுவைப் பார்க்க வருவதாக இருந்தது. ஆகவே ஐயா விடியற்காலையிலேயே மதகடியில் இரண்டு பங்கு பிண்ணாக்குக் கொடுத்து முடித்திருந்தார்.

மத்தியானத்துக்குள் பசுவின் இடப்பக்க வயிறு பறை போல ஊதிவிட்டது. கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, நாக்கை நீட்டி மூச்சுக்குத் தவித்தது. அம்மாவின் அலறலில் மாமி வேலியைத் தாண்டி வந்தார். பார்வையாளர்கள் நல்ல வேட்டியோடு வந்து வளவுக்குள் நின்றார்கள்.

"என்னத்தைத் திண்டது?" என்றார் மாமி. "காட்டுக்கொடி ஏதும் கடிச்சிருந்தால் ஒரு மருந்து, சோறு கூடினதெண்டால் வேற மருந்து. கெதியாச் சொல்லுங்கோ."

"புல்லு," என்றார் ஐயா.

"பொங்கல் கொஞ்சம். மற்றபடி புல்லு," என்றார் அம்மா.

"புல்லிலை இப்பிடி ஊதாது. மாடு சாகப்போகுது. வாயைத் திறவுங்கோ!"

அம்மாதான் முதலில் உடைந்தார். "கஞ்சி குடுத்தனான். சோத்துக் கஞ்சி."

"எப்ப?" என்றார் ஐயா.

"ஒவ்வொரு நாளும்."

ஐயா வந்திருந்தவர்களைப் பார்த்தார்; பசுவைப் பார்த்தார். "நான் புண்ணாக்குக் குடுத்தனான்," என்றார். "இண்டைக்கு ரெண்டு பங்கு."

மாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப புல்லை ஆர் திண்டது? ஓ... எங்கட நாம்பன் மாடு ஏன் ஒவ்வொரு நாளும் விடிய உங்கட வேலியோட வந்து நிக்குதெண்டு இப்பதான் விளங்குது!"

குடியேற்றக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் தங்கள் மனைவியரை நினைத்தோ என்னவோ, சிரிக்கவில்லை.

நல்லெண்ணெயில் பெருங்காயம் கலந்து மூங்கில் குழாயால் புகட்டினார்கள். படுக்கவிடாமல் நடத்த வேண்டும் என்றார் மாமி. ஐயா கயிற்றைப் பிடித்து முன்னால் இழுக்க, அம்மா பின்னால் தள்ள, வாய்க்கால் கரையில் மேலும் கீழுமாக நடந்தார்கள். வெயில் சாயும் வேளையில் பசு நின்றது, கழுத்தை நீட்டியது, ஓர் ஏப்பம் விட்டது. முரசொலிக்கும் இடியோசைக்கும் புலவர்கள் செலவிட்ட வரிகள் பலவற்றைப் பின்னாளில் பாடமாகப் படித்திருக்கிறேன். அந்த ஏப்பத்துக்கு இணையாக ஆறுதல் தந்த ஓசை எதையும் அவற்றில் காணவில்லை. அம்மா கரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

"தண்ணியைத் தவிர ஒண்டும் காட்டக்கூடாது, நான் சொல்லுமட்டும்," என்று மாமி உத்தரவிட்டுப் போனார். முதன்முறையாக அது நிறைவேறியது. ஐயா அம்மாவைக் காவல் காத்தார். அம்மா ஐயாவைக் காவல் காத்தார். பசு, முன்னால் ஒரு புல்லும் இல்லாமல், முதல்முறையாக முழுப் பட்டினி கிடந்தது.

மாமி சம்மதித்த காலையில் அதை வாய்க்கால் கரையில் கட்டினோம். சிறிது நேரம் அம்மாவைப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து புல்லைக் கடித்தது. மறுபடி கடித்தது. அதன்பின் தலை நிமிரவேயில்லை. பசித்தால் தின்னும் என்று ஐயா சொன்னது மெய்யாகவே சரி. அதை அவர் ஒருநாளும் நம்பியிருக்கவில்லை என்பதுதான் குறை.

"மானங்கெட்ட மாடு," என்றார் அம்மா. ஊருக்குத் திரும்ப அவருக்கிருந்த ஒரே வழியைப் பசு மேய்ந்துகொண்டிருந்தது.

ஐயா வெற்றி கொண்டாடவில்லை. கயிற்றின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"மாட்டின்ர கதையை விடும்," என்றார் கடைசியில். "உமக்குப் போகவேணுமெண்டால் சொல்லும். காணியைத் திருப்பிக் குடுத்திட்டு நானும் வாறன்."

அந்தக் காணி ஐயாவுக்கு என்ன என்பது அம்மாவுக்குத் தெரியும். இப்படிக் கேட்பார் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"திருப்பிக் குடுத்திட்டு? பிறகும் மற்றவையின்ர தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கவோ?" என்றார். "நான் மட்டும் போகலாமெண்டால், அதுவும் ஏலாது. உங்களிட்ட விட்டிட்டுப் போனால் இந்த மாட்டைப் புண்ணாக்காலையே கொண்டுபோடுவியள்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த ஆவணியில் அம்மாவின் அண்ணனிடமிருந்து ஒரு சாக்கு வந்தது. அதில் ஓலை இல்லை, பனங்கொட்டை இருந்தது. வேலியோரமாக அம்மா தாமே கிடங்கு வெட்டிப் புதைத்தார். "உது ஓலை விட எத்தினை வருஷம் பிள்ளை?" என்று மாமி கேட்டதற்கு, "இஞ்சதானே இருக்கப்போறம்," என்றார்.

இப்போது அவை வடலிகளாகி, இளம் பனைகளாக, என் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கின்றன. சென்ற விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வீடு போனபோது, அம்மா முதன்முறையாக அவற்றிலிருந்து ஓலை வெட்டியிருந்தார். அந்தப் பசு இல்லை. அதன் பேத்தி ஒரு கன்று, இந்த மண்ணிலேயே பிறந்தது, கொட்டிலில் நின்றது. அம்மா ஈர்க்கு நீக்கி, விரலகலத்துக்குக் கிழித்து, அதன் முன்னால் வைத்தார். கன்று முகர்ந்து பார்த்தது. ஓலைமேல் காலை வைத்துக் கடந்து வாய்க்கால் கரைக்குப் போய்விட்டது.

கதிரையில் இருந்த ஐயா பத்திரிகையை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். அது நடுங்கியது.

"என்ன சிரிப்பு?" என்றார் அம்மா. "பசிச்சால் தின்னும்."

அன்று பின்னேரம் அவர் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு கொட்டில் பக்கம் போனபோது, ஐயா பத்திரிகையின் ஒரு பக்கத்தைப் புரட்டினார், தலை நிமிரவில்லை.