அமெரிக்காவில் பிறந்துவிட்ட என் பழைய கிட்டார்

"எழுபதுகளில் அமெரிக்காவில் செய்த பேஸ் கிட்டார், ஒரு ஸ்க்ரூகூட மாற்றவில்லை" என்று ஆன்லைனில் ஒரு விளம்பரம். விற்கிறவர் வீடு பழவங்காடி பக்கம்தான் என்பதால் இன்று காலையில் போய்ப் பார்த்தேன்.

கிட்டாரின் தலையில் பெரிய கம்பெனியின் ஸ்டிக்கர், ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உடம்பில் பெயிண்ட் தேய்ந்திருக்கிறது, அதுவும் வாசிக்கிறவன் கை படவே படாத இடத்தில். பழசாகத் தெரிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

திருப்பினேன். பின்பக்கம் பேட்டரி வைக்க ஒரு குழி, கோணல்மாணலாக, உளி வழுக்கிய கீறலோடு.

அந்தக் குழி நான் வெட்டியது.

கானமேளா என்கிற மெல்லிசைக் கச்சேரி ட்ரூப்பில் வாசித்த காலத்தில், தச்சரிடம் உளி இரவல் வாங்கி நானே பண்ணிய அட்டூழியம். கிட்டார் வெறும் லோக்கல் மேக். பிறகு ஒரு சர்ச் கொயருக்கு விற்றுவிட்டேன்.

விற்கிறவரிடம் குழியைக் காட்டிக் கேட்டேன். "அது கம்பெனியில கையால செதுக்கினது அண்ணா. இப்போ இந்த மாதிரி பணி கிட்டாது" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

"இது என் பழைய கிட்டாராக்கும். குழி வெட்டினதே நான்தான்" என்றேன்.

முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. "அப்போ அண்ணன் தன்னே எடுத்துக்கோ. பழைய ஓர்மை, ஞாபகம் அல்லே" என்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் விளம்பரத்தை ரிப்போர்ட் பண்ணினேன். போலி என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அந்த சைட் கேட்கிறது.

அந்தக் கிட்டாரில் ஒரிஜினலாக மிஞ்சியிருப்பது என்னுடைய கேடுகெட்ட குழி ஒன்றுதான். இதை எப்படி எழுத, நீங்களே சொல்லுங்கள்.