நீலம் அடித்த அகழி

வேலூரில் பிறந்தவனிடம் போய், அகழியில் தண்ணீர் இருந்திருக்குமா என்று கேட்டால் அவன் வேறு என்ன சொல்வான்? “அகழின்னாலே தண்ணிதான் சார், இது இன்னா கேள்வி?” என்றேன். கேட்டவர் எங்கள் சைட் இன்ஜினியர், கோயம்புத்தூர்க்காரர். கோட்டையைப் பார்த்தே வளர்ந்தவன் சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பிவிட்டார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. துபாயில், கராமா பகுதியில் ஆறு பேர் தங்கிய அறையில் ஒரு கட்டில் என்னுடையது. வேலை டிராஃப்ட்ஸ்மேன். அதுவரை நான் வரைந்ததெல்லாம் கார் நிறுத்தும் தளமும் கழிவறைக் குழாயும்தான். திடீரென்று கம்பெனி என்னை வடக்கு எமிரேட் ஒன்றின் கடற்கரையில் இருந்த பாழடைந்த கோட்டைக்கு அனுப்பியது. அதைச் செப்பனிட்டு மக்கள் வந்து பார்க்கும்படி செய்வது திட்டம். அதற்கு முன்னால் முழுக் கோட்டையையும் அளந்து படம் வரைய வேண்டும். எனக்குக் குஷி தாங்கவில்லை.

ஒரு கோட்டை என்றுதான் பெயர், உள்ளே மூன்று கோட்டைகள் இருந்தன. நடுவில் சதுரமாக ஒரு பழைய சுவர், முழங்கால் உயரத்துக்கு மிஞ்சியிருந்தது. அதைச் சுற்றிப் பின்னால் வந்த யாரோ பெரிதாகக் கட்டி, மூலைக்கு மூலை வட்டக் கோபுரம் வைத்திருக்கிறார்கள். அதற்கும் பிறகு பீரங்கியோடு கடல்வழி வந்தவர்கள், கடலைப் பார்த்த மூலையில் மட்டும் வட்டத்தை உடைத்துக் கூர்முனையாக ஒரு கொத்தளம் எழுப்பியிருக்கிறார்கள். ஓர் அறையின் தரை முழுக்க வரிவரியாக மேடும் பள்ளமும். தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் காவல்காரப் பெரியவர்தான், பேரீச்சம்பழ மூட்டைகளை அதன்மேல் அடுக்கினால் பாகு வடிந்து மூலையில் இருக்கும் பானையில் சேரும் என்று கையைக் காலை ஆட்டி விளக்கினார். நாள் முழுக்க வெயிலில் அளந்தாலும் எனக்கு அலுக்கவில்லை. யார் கட்டினான், எதற்குக் கட்டினான், ஏன் இங்கே கோணல் என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆனால் அகழியைப் பற்றி மட்டும் நான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. தெரிந்த விஷயமாயிற்றே! வெளிக்கரையில் ஓரிடத்தில் உடைப்பு இருந்தது. கடல்நீர் வரும் மடை என்று அங்கே அம்புக்குறி போட்டேன். சுவரின் அடியிலிருந்து ஆள் உயரத்துக்குப் பளபளவென்று நீலம் அடித்தேன். படம் அழகாக வந்தது. மேலிடத்திலிருந்து வந்து பார்த்தவர்களுக்கு அந்த நீலம் ரொம்பப் பிடித்துப்போய், கொத்தளத்தை ஒட்டிய பகுதியில் கடல்நீரை விட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. சனிக்கிழமை மோட்டார் வரும் என்றார்கள். எனக்குச் சம்பள உயர்வே வந்ததுபோல் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவர் எங்கள் கொத்து மேஸ்திரி. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். புதன்கிழமை படத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அண்ணை, உதுக்குள்ள எங்க தண்ணி நிண்டது? பாசி பிடிச்ச தடம் ஒண்டும் இல்லையே.”

“ஏன், உங்க ஊர்க் கோட்டையில அகழி இல்லையா?”

“இருக்கு. சின்னனில பாத்தது. பிறகு அந்தப் பக்கம் ஒருத்தரையும் போக விடேல்லை.”

அதற்குமேல் அவர் வாதாடவில்லை. எனக்குத்தான் எரிச்சல். அவர் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே உயர அளவுகளைக் குறித்து வைத்திருந்த என் லெவல் நோட்டை எடுத்துப் புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்துதான். கடல் ஏறும் உயரத்தைவிட அகழியின் தரை ஓர் ஆள் உயரம் மேலே இருந்தது. போதாததற்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நல்ல சரிவு. கடல்நீர் தானாக உள்ளே வந்திருக்கவே முடியாது, வந்தாலும் நின்றிருக்காது. அளந்தவன் நான், எழுதியவன் நான், அதைப் படித்துப் பார்க்காதவனும் நானேதான்.

அப்படியானால் தண்ணீர் இல்லாத பள்ளத்தை எதற்கு வெட்டினார்கள்? இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தேன். மேலிருந்து சாதாரணமாகத் தெரிந்த சுவர் அங்கிருந்து இரண்டு மடங்கு உயர்ந்து நின்றது. எந்த ஏணியும் எட்டாது. இறங்கிய எதிரி ஒதுங்குவதற்கு ஒரு மறைவும் இல்லை. வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் மேடாகக் குவித்திருந்தார்கள், அதைத் தாண்டிப் பீரங்கிக் குண்டு சுவரின் காலில் படாது. காய்ந்த பள்ளமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. எனக்கு ஆச்சரியத்தில் சிரிப்பு வந்தது.

மேஸ்திரி சிரிக்கவில்லை. சுவரிலிருந்து உதிர்ந்த கலவைக் கட்டி ஒன்றைப் பிளாஸ்டிக் டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் டம்ளரில் குழம்பிய சேறு.

“சுண்ணாம்புக் காரையெண்டால் தண்ணிக்கு நிண்டுபிடிக்கும். உது ஜிப்சமும் மண்ணும் அண்ணை. தண்ணி விட்டால் அந்த மூலை இருக்காது. போய்ச் சொல்லுங்கோ.”

“நீங்களே சொல்லுங்களேன்.”

“நான் சொன்னால் ஆர் கேக்கப்போயினம்? படம் கீறினது நீங்கள்தானே.”

போனேன். இன்ஜினியர் யாருடனோ போனில் அந்த நீலப் படத்தைப் பற்றித்தான் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் எனக்கு விசா புதுப்பிக்க வேண்டும். தப்பாக வரைந்தேன் என்று சொன்னால் கலாஸ், அடுத்த விமானத்தில் ஊர்தான் என்று பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன். வியாழக்கிழமை அவர் சைட்டுக்கு வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வார விடுமுறை, கராமா அறையில் படுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் முதல் வேலை இதுதான் என்று எனக்கு நானே சத்தியம் செய்தேன். கோழைத்தனம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது அதற்குச் சமயம் பார்ப்பது என்று பெயர் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை எங்கள் வேன் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொத்தளத்தின் காலடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். “பந்த் கரோ! பந்த் கரோ!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். நிறுத்தினார்கள். ஆனால் சுவரின் அடியில் வெள்ளையாகப் பால்போல் கசிய ஆரம்பித்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பவளப்பாறைக் கற்கள் சத்தமில்லாமல் சரிந்து உட்கார்ந்தன. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், புதன்கிழமையே தெரியும் என்பதையும் சேர்த்து. அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்று மட்டும் கேட்டார். பிறகு அவரே பெருமூச்சு விட்டு, “சரி, விழுந்ததைத் திருப்பிக் கட்டிப்போடலாம். எந்தக் கல்லு எங்க இருந்துச்சுன்னு உங்க படத்துல இருக்குமில்லீங்க?” என்றார்.

படத்தை விரித்தோம். மற்ற எல்லா இடத்திலும் ஒவ்வொரு கல்லாக அளந்து வரைந்திருந்தேன். அந்தச் சுவரின் அடிப்பகுதியில் மட்டும் ஒரு கல்லும் இல்லை. தண்ணீருக்குள் மறையப்போகிற கல்லுக்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்று அளக்காமலே விட்டு, மேலே நீலத்தைப் பூசியிருந்தேன். எடுத்த போட்டோக்களிலும் அந்த மூலை நிழலில் கறுப்பாகக் கிடந்தது.

அந்த வாரம் முழுக்க நானும் மேஸ்திரியும் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, என் முன்னால் நீட்டுவார்.

“இது எங்க இருந்தது அண்ணை?”

ஒவ்வொரு கல்லுக்கும் நான் படத்தை விரிப்பேன், அங்கே நீலம்தான் இருக்கும்.